கயிறு கட்டிய கல்

பிரபுவின் குளத் தோட்டத்தில் ஒரு வழியை அடைக்க வேலியோ காவலாளோ வேண்டாம். கறுப்புக் கயிறு குறுக்கும் நெடுக்குமாகக் கட்டிய சின்னக் கல் ஒன்றை நடைகல்லின் மேல் வைத்தால் போதும். இடுப்பில் வாள் செருகியவர்கூடத் திரும்பிப் போவார். வைத்த கைதான் அதை எடுக்க வேண்டும்.

ஷிகேயின் புருஷன் மொசுக்கே அங்கே தோட்டக்காரன். ஒரே ஒருமுறை அந்தக் கல்லைத் தாண்டினான். மதகுப் பலகை பிய்ந்து குளம் வற்றிக்கொண்டிருந்தது, சுற்றிப் போக நேரமில்லை. குளம் பிழைத்தது. மேலாளர் குரோசே அவனை அந்தக் கணமே வாசலுக்கு வெளியே தள்ளினார். பிரபு அப்போது தலைநகர் எடோவில் இருந்ததால் கேட்க நாதியில்லை. கொட்டும் பனியில் மலைப்பாதை ஏறியவன் விறைத்துச் செத்தான்.

ஷிகே மட்டும் தோட்டத்தை விட்டுப் போகவில்லை. மூன்று வருஷமாக அதே குரோசேக்குக் குனிந்து வணங்கி, தோட்டத் தரையில் பாய்போல் வளர்த்த பாசியில் களை பிடுங்கினாள். ரோஷம் கெட்டவள் என்றார்கள். சொல்லிவிட்டுப் போகட்டும். அவள் வயிறு எரிந்தது அவளுக்குத்தானே தெரியும்!

இன்று பிரபு மேப்பிள் மரங்களின் சிவந்த இலைகளைப் பார்க்க வருகிறார். குளத்தின் நடுவே தீவில் இருக்கும் மண்டபத்தைச் சரிபார்க்க குரோசே தனியாகப் போனார். போக வர ஒரே ஒரு வளைவுப் பாலம். அவர் முதுகு மறைந்ததும், ஷிகே பாலம் இறங்கும் கரையோரப் படியில் கயிறு கட்டிய கல்லை வைத்துவிட்டுக் களை பிடுங்க உட்கார்ந்தாள்.

பிரபு பரிவாரத்தோடு கரையில் வந்து நின்றார். பாலத்தில் ஓட்டமாக வந்த குரோசே, கல்லைக் கண்டு திகைத்தார்.

"ஏய், யாரு வெச்சது இதை? எடுடி!" பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னார்.

ஷிகே இன்னொரு களையைப் பிடுங்கிக் கூடையில் போட்டாள்.

பாலத்தின் மேலேயே நின்றால் பிரபுவின் தலைக்கு மேலே நிற்பதாகிவிடும்; அது பெரிய அவமரியாதை. குரோசே உடையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு கல்லைத் தாண்டி இறங்கி, மண்ணில் விழுந்து வணங்கினார்.

"பிரபு," ஷிகேயின் குரல் கணீரென்று எழுந்தது. "கயிறு கட்டின கல்லைத் தாண்டினா என்ன தண்டனைன்னு ஐயாவையே கேளுங்க."

கூலிக்காரி பிரபுவிடம் வாய் திறப்பதா! பரிவாரம் முறைத்தது. பிரபு கையமர்த்தினார்.

"சொல்லு குரோசே."

"வந்து... பிரபு..."

"கேக்குறேன்ல?"

"அப்பவே... வெளிய அனுப்புறது."

"பொம்பளைக்கு முன்னாடி நீயே சொல்லிட்டே. நான் வேற என்ன சொல்ல? கிளம்பு." பிரபு ஷிகே பக்கம் திரும்பினார். "கல்லை வெச்சது யாரு?"

"நான்தான். பாலத்துல ஒரு பழுதும் இல்ல பிரபு. இவருக்குன்னே வெச்சேன். இதே கல்லைத் தாண்டினதுக்குத்தான் என் புருஷனைச் சாகடிச்சாரு."

"பொய்க்கல் வெச்சவளுக்கும் இங்க இடமில்ல," என்றார் பிரபு.

தெரிந்துதான் வைத்தாள். களைக்கூடையைக் கவிழ்த்துவிட்டு எழுந்தாள். அவ்வளவு சந்தோஷத்தை அவள் உடம்பு அதுவரை அறிந்ததில்லை.

வாசலைத் தாண்டி, மொசுக்கே போன அதே மலைப்பாதையில் ஏறத் தொடங்கிய குரோசே திரும்பிப் பார்த்தார். "உன் ஊரு கீழ்ப்பக்கம்தானே? ஏன்டி என் பின்னாடி வர்றே?"

"எங்க போய் விழுறீங்கன்னு பாக்கணும்ல," என்றாள் ஷிகே. "நடங்க ஐயா."