கும்மிக்கு வாங்கிய ரிசீவர்

பாலக்காட்டு டவுனில் ரியாஸின் கடைக்குள் நுழைந்ததிலிருந்து மருதாத்தாளை ஒருத்தரும் கண்டுகொள்ளவில்லை. நாற்காலி போட்டார்கள், டீ கொடுத்தார்கள், ஃபேனைத் திருப்பிவிட்டார்கள். அதிலெல்லாம் குறையில்லை. ஆனால் பேச்சு முழுக்க அவள் மகன் கோகுல்நாத்தோடுதான். கோபாலபுரத்துப் பக்கம் விடியக்கருக்கலில் எழுந்து, மாட்டுக்கடியில் குந்திப் பால் கறந்து, க்ஷீரசங்கம் என்கிற பால் சொசைட்டியில் ஊற்றிச் சேர்த்த காசில்தான் ஹோம் தியேட்டர் வாங்க வந்திருந்தார்கள். கறந்தவள் அவள். கோகுல்நாத் கொண்டுவந்தது வாயை மட்டும்.

ரியாஸ் ஒரு படத்தை ஓடவிட்டான். கார் ஒன்று வெடித்துச் சிதறியது. ஷோகேஸ் கண்ணாடி அதிர்ந்தது. கோகுல்நாத்தின் முகத்தில் அப்படியொரு சந்தோஷம்.

"தம்பி, இதுல பாட்டு எப்படிங்க கேக்கும்?" என்றாள் மருதாத்தாள்.

"எல்லாமே நல்லாக் கேக்கும்மா." ரியாஸ் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. ஸ்பீக்கர்களை இயக்கும் ரிசீவர் பெட்டியின் முகப்பில் நீலமும் சிவப்புமாக விளக்குகள் ஓடுவதைக் கோகுல்நாத்துக்குக் காட்டிக்கொண்டிருந்தான்.

"கும்மிப் பாட்டுங்க. எங்க வாத்தியார் பாடுனது போன்ல இருக்குது. அதைக் கொஞ்சம் போட்டுக் காட்டுங்க."

"அம்மா, மானத்தை வாங்காதீங்க" என்று கோகுல்நாத் பல்லைக் கடித்தான். பிறகு குரலைத் தணித்து, "நீங்க வட்டமாத்தான ஆடறீங்க? இதுல சுத்தியும் ஸ்பீக்கருங்க. எந்த மூலைக்குப் போனாலும் காதுகிட்ட வந்து பாடும்" என்றான்.

அந்தப் பேச்சில் மருதாத்தாள் விழுந்துவிட்டாள். வட்டமாக ஆடுகிறவர்களுக்கு வட்டமாகச் சத்தம் வந்தால் நல்லதுதானே? ஊரில் எந்தப் பெண்ணைக் கேட்டிருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பாள். சரி என்று தலையாட்டினாள்.

அவர்கள் ஊரில் போன வருசம்தான் கும்மி கட்டினார்கள். காட்டுவேலை முடித்து, மாட்டுக்குத் தண்ணி காட்டிவிட்டு, பெண்கள் களத்துக்கு வந்து பழகினார்கள். வருகிற ஆடி நோம்பிப் பண்டிகைக்கு அரங்கேற்றம். முதல் கை மருதாத்தாளுடையது. உள்வட்டத்தில் அவள் நடக்கிற நடைக்கும் தட்டுகிற தட்டுக்கும்தான் மற்றவர்கள் எல்லோரும் வருவார்கள். பிறந்ததிலிருந்து வேலைக்கு மட்டுமே முன்னால் நிறுத்தப்பட்டவள், முதன்முதலாக வேறொன்றுக்கு முன்னால் நின்றாள். அந்த இடத்தை அவள் யாருக்கும் விட்டுத்தருவதாக இல்லை.

மழை பிடித்துக்கொண்டதும் பழக்கம் அவளுடைய புது வீட்டு ஹாலுக்கு மாறியது. வாத்தியார் ராஜசேகர் பல ஊருக்குக் கும்மி சொல்லித் தருகிறவர். தொண்டையை மேடைக்குச் சேமித்து வைத்துக்கொண்டு, பழக்கத்துக்குத் தன் பாட்டைப் பதிவிலிருந்து போடுவார். போட்டார். புது ஸ்பீக்கர்கள் ஹாலைச் சுற்றிலும் முழங்கின.

டீவிக்கு முன்னால் நடக்கும்போது மருதாத்தாளின் கை கச்சிதமாக விழுந்தது. பின்மூலைக்குப் போனதும் தப்பியது. அவள் தப்பியதும் பின்னால் வந்தவர்களும் தப்பினார்கள். மறுபடி முன்னால் வந்தால் சரி, பின்னால் போனால் தப்பு. ராஜசேகர் டீவி பக்கத்திலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். அவருக்குப் பாட்டு தேன்போல் கேட்டது.

"அக்கா, உங்களாலதான் வட்டமே கலையுது" என்றார் அத்தனை பேருக்கும் முன்னால். "வயசாகுதுங்கல்ல. காலு வருது, காது வரமாட்டேங்குது. நீங்க கடைசியில நில்லுங்க. யோகப்பிரியா முதல் கைக்கு வரட்டும்."

யோகப்பிரியா கோகுல்நாத்தின் மனைவி. அவள் மாமியாரின் முகத்தைப் பார்க்க முடியாமல் தலையைக் குனிந்துகொண்டாள். யாரோ ஒருத்தி களுக்கென்று சிரித்தாள்.

மருதாத்தாள் நம்பிவிட்டாள். அதுதான் கொடுமை. தேங்காய் உரித்த கை, கரும்பு வெட்டிய கை, கரண்ட் போன நாளிலெல்லாம் கிணற்றில் தண்ணி சேந்திய கை. அதைத் தப்பு என்று நாற்காலியில் உட்கார்ந்திருந்த ஓர் ஆள் சொன்னதும் அவளும் தப்பு என்றே எடுத்துக்கொண்டாள். பால் கறக்கும்போது கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். புருஷன் அர்த்தநாரியிடம், "ஏனுங்க, காது டாக்டருகிட்ட ஒருக்கா போய்ட்டு வரலாமுங்களா?" என்று கேட்டாள்.

"காதா? கடைசித் தோப்புல கன்னுக்குட்டி கத்துனா என்னை எழுப்பி ஓட்டுறவ நீ. உனக்குக் காது டாக்டரா?" என்று அவர் மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு நடந்தார்.

அடுத்த பழக்கத்தில் யோகப்பிரியா முதல் கை. டீவிக்கு முன்னால் நன்றாகத் தட்டினாள். பின்மூலைக்குப் போனாள். தப்பினாள். அதே இடம், அதே தப்பு.

"பரவால்ல அம்மணி, பழகப் பழக வந்துரும்" என்றார் ராஜசேகர், சிரித்துக்கொண்டே.

கடைசியில் நின்றிருந்த மருதாத்தாளுக்கு உச்சந்தலை சுட்டது.

"ஏனுங்க வாத்தியாரே, நான் தப்புனா வயசு, அவ தப்புனா பழக்கமுங்களா?"

"சின்னப் புள்ளைங்கக்கா..."

"அத்தை, இருங்க" என்றாள் யோகப்பிரியா. அவள் பின்மூலையை விட்டு நகரவில்லை. "இங்க வந்து நின்னு பாருங்க. பாட்டுக்குரலே கேக்க மாட்டேங்குது. வெறும் உறுமிதான். அதுவும் கிணத்துக்குள்ளிருந்து வர்ற மாதிரி, ஒரு தட்டுக்கு ரெண்டு தட்டாக் கேக்குதுங்க."

பெண்கள் ஒவ்வொருத்தியாக வந்து அந்த மூலையில் நின்று பார்த்தார்கள். ஒவ்வொருத்தியும் அதையே சொன்னாள். ராஜசேகர் மட்டும் நாற்காலியை விட்டு எழவில்லை. அவசரமாக வேறு ஊருக்குப் போகவேண்டும் என்று சொல்லிக் கிளம்பிவிட்டார்.

மறுநாள் காலை, தேங்காய் ஏற்றுகிற பிக்கப்பில் ரிசீவரும் ஸ்பீக்கர்களும் ஏறின. கூடவே கும்மிப் பெண்களும் ஏறினார்கள்.

"ஊரே சிரிக்கும்மா" என்று கோகுல்நாத் வண்டியை மறித்தான்.

"என்னையக் கடைசியில நிறுத்துனப்பவே சிரிச்சாச்சு. நீ ஏறு, பெட்டியப் பிடிச்சுக்க."

கடை வாசலில் இத்தனை பெண்கள் இறங்குவதைப் பார்த்து ரியாஸ் ஓடிவந்தான். "என்னம்மா, மெஷின்ல கம்ப்ளெயிண்டா?"

"மெஷின்ல இல்லீங்க தம்பி. வித்தவங்க மேல."

டீவிகளுக்கும் வாஷிங் மெஷின்களுக்கும் நடுவே இருந்த இடத்தை அவர்களே ஒதுக்கினார்கள். சேலையைத் தூக்கிச் செருகினார்கள். அதே ரிசீவரில் அதே பாட்டைப் போடச் சொன்னாள் மருதாத்தாள். வட்டம் சுற்றியது. பின் ஸ்பீக்கருக்குக் கீழே போனதும் கைகள் சிதறின. கடைக்கு வந்திருந்தவர்கள் போனைத் தூக்கிப் படம் பிடித்தார்கள். யோகப்பிரியா ரியாஸைக் கையசைத்துக் கூப்பிட்டு அந்த ஸ்பீக்கருக்குக் கீழே நிறுத்தினாள்.

கொஞ்ச நேரம் கேட்டுவிட்டு அவன் கழுத்தைச் சொறிந்தான். "ம்மா, இது சினிமாவுக்குன்னே உண்டாக்குனது. பேச்சு முன்னால, வெடி பின்னால. பாட்டையும் அப்படித்தான் பிச்சுப் போடும். எதிரொலியும் அதுவாச் சேத்துக்கும்."

"அதையெல்லாம் அணைக்க முடியாதுங்களா?" என்றாள் மருதாத்தாள்.

"இந்த மாடல்ல முடியாது."

"அன்னைக்கே தெரியுமுங்களா?"

ரியாஸ் கோகுல்நாத்தைப் பார்த்தான். கோகுல்நாத் ஒரு ஃபிரிட்ஜைப் பார்த்தான்.

"தெரியும்மா. அவரு சினிமாதான் முக்கியம்னாரு..."

"நான் பாட்டுன்னு கேட்டேன். ரெண்டு வாட்டி கேட்டேன். பால் கறக்கற பொம்பளைக்குப் பாட்டு என்னத்துக்குன்னு நெனச்சுட்டீங்க. உங்க வெடிச்சத்தத்துக்கு நான் செவிடின்னு பேர் வாங்கோணுமா?" அவள் குரல் உயரவில்லை. ஆனால் கடையில் அதற்குப் பிறகு யாரும் படம் பிடிக்கவில்லை.

ரியாஸ் வேறொன்றை மாட்டினான். அதில் உறுமி உப்பி வந்து பாட்டை விழுங்கியது. "பாடறவரு வாயில துணியக் கட்டுனாப்பல இருக்குது" என்றாள் ஒருத்தி. இன்னொன்றில் குரல் கிழிந்தது. பிறகு அவன் கீழ்த்தட்டிலிருந்து கனமான ஒரு ரிசீவரை மூச்சுப் பிடித்துத் தூக்கி வைத்தான். முகப்பில் விளக்குகள் ஓடவில்லை. வெறும் கறுப்புப் பெட்டி, இரண்டு திருகு குமிழ். முன்னால் இரண்டு பெரிய ஸ்பீக்கர்களை மட்டும் மாட்டி ஒரு பட்டனை அமுக்கினான்.

"இதுல படமும் பாக்கலாம், பின் ஸ்பீக்கரும் மாட்டலாம். இந்தப் பட்டனை அமுக்கிட்டா பாட்டைப் பாட்டாவே விட்டுடும். ஒண்ணும் சேக்காது. லைட்டு எரியாததால யாரும் கேக்கறதில்ல, நானும் காட்டறதில்ல."

பாட்டு வந்தது. வாத்தியார் மூச்சு இழுப்பதுகூடக் கேட்டது. பெண்கள் சுற்றினார்கள். முன்னால், பக்கத்தில், பின்னால் எங்கே போனாலும் ஒரே தட்டு. எல்லாக் கைகளும் ஒன்றாக விழுந்தன.

"இதத்தான் அன்னைக்குக் கேட்டேன்" என்றாள் மருதாத்தாள், மூச்சு வாங்க. "மாத்திக் குடுங்க. வெடிச்சத்தம் போட்டுக் காட்டி விக்கறதை இனி விடுங்க."

ஞாயிற்றுக்கிழமை ராஜசேகர் வந்தபோது வட்டம் தயாராக நின்றது. முதல் கை இடத்தில் மருதாத்தாள். யோகப்பிரியா அவளுக்கு அடுத்து.

"அக்கா, நீங்க கடைசியிலன்னு..."

"பாட்டைப் போடுங்க வாத்தியாரே."

போட்டார். ஹாலைச் சுற்றி முழுச் சுற்று வந்தார்கள். ஒரு கைகூடத் தப்பவில்லை. ராஜசேகர் நாற்காலியிலிருந்து எழுந்து பின்மூலைக்குப் போய் நின்று கேட்டார். திரும்பி வந்து, "மெஷினு நல்லாருக்குதுங்க" என்றார். அடுத்த பாட்டுக்குப் போனைத் தடவினார்.

"மெஷினு நல்லாருக்குதுங்க, சரி" என்றாள் மருதாத்தாள். "என்ற கைக்கு என்ன சொல்றீங்க?"

"அதான் ஆடீட்டீங்களே அக்கா, விடுங்க."

அடுத்த பாட்டு ஆரம்பித்தது. ஒருத்தியும் கையைத் தூக்கவில்லை. யோகப்பிரியா இடுப்பில் கையை வைத்து நின்றாள். அன்றைக்குச் சிரித்தவளும் அப்படியே நின்றாள். பாட்டு தனக்குத்தானே ஓடிக்கொண்டிருந்தது. ராஜசேகர் சுற்றிலும் பார்த்தார். ஒரு முகமும் இளகவில்லை.

பாட்டை நிறுத்தினார். "தப்பு உங்க கையில இல்லீங்கக்கா. நாந்தான் எந்திரிச்சு வந்து கேக்காம சொல்லிப்போட்டேன்."

"மொதல்ல இருந்து போடுங்க" என்றாள் மருதாத்தாள்.