மடி மாறியவன்

...ஜன்னலோரம் வேண்டாம், பயந்துக்குவான், நடுவுல உக்காரட்டும் என்று அக்காதான் சொன்னாள், அவள் சொன்னால் சரியாகத்தான் இருக்கும், பரத்துக்கு எது பயம், எது பிடிக்கும் எல்லாம் அவளுக்குத்தானே தெரியும், நான் யார், சித்தி, முறுக்குப் பொட்டலத்தோடு வந்து கன்னத்தைக் கிள்ளிவிட்டுப் போகிறவள். பன்னேர்கட்டாவில் புலி பார்க்க ஏற்றிக்கொண்டு போகும் வேன் சுற்றிலும் கம்பி வலை அடித்துக் கோழி வண்டி மாதிரி இருந்தது, உள்ளே நாங்கள்தான் கோழிகள். முன் சீட்டில் அக்கா வீட்டுக்காரர், மாமா, கேமராவோடு, ரோலில் இன்னும் நாலு படம்தான் இருக்கு என்று அதே கவலை, அவர் பக்கத்தில் என் வீட்டுக்காரர். பின்னால் அக்கா, நடுவில் பரத், இந்தப் பக்கம் நான், என் மடியில் ஏழு வயசு லாவண்யா. வேன் குலுங்கும்போதெல்லாம் பரத்தின் முழங்கால் என் தொடையில் இடித்தது. இந்த ரோடு இன்னும் கொஞ்சம் மோசமாக இருந்தால் என்ன... வெட்கமாக இல்லையா சொர்ணம், பெற்ற பிள்ளை மேலே படுவதற்கு ரோட்டுப் பள்ளத்தை நம்பி உட்கார்ந்திருக்கிறாயே.

கொடுத்தது நான்தான். யாரும் பிடுங்கிக்கொண்டு போகவில்லை. ருக்மிணி அக்காவுக்குக் கல்யாணமாகிப் பன்னிரண்டு வருஷம், மூன்று தடவை தங்கித் தங்கிக் கலைந்தது, மூன்றாம் தடவை ஆஸ்பத்திரியில் அவள் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள், நான் வயிற்றைத் தள்ளிக்கொண்டு கஞ்சி கொண்டுபோனேன், அந்த வயிற்றுக்குள் இருந்தவன் பரத். "அழாதக்கா, இது உனக்குத்தான்" என்று சொன்ன வாய் இந்த வாய். அழுகிறவளுக்கு ஏதாவது சொல்ல வேண்டுமே என்று சொன்னேன், வேறென்ன, ஆனால் அவள் அழுகையை நிறுத்திவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்தாளே... அதற்கப்புறம் எப்படி இல்லை என்பது? எல்லோரும் சேர்ந்து சொன்னார்கள், ஒரே ரத்தம், மல்லேஸ்வரம் என்ன மலேசியாவிலயா இருக்கு, ஜோகுபாளையத்துலேர்ந்து ரெண்டு பஸ், நினைச்சப்ப போய்ப் பாரு. உனக்கென்னடி, வருஷம் திரும்பறதுக்குள்ள இன்னொண்ணு பெத்துக்குவே. பெறவில்லை. ஒண்ணேகால் வயசில், எங்கள் வீட்டுக் கூடத்தில், தாம்பாளத்தில் வெற்றிலை பாக்கு வைத்து என் மடியிலிருந்து தூக்கி அவள் மடியில் வைத்தார்கள். அவன் அழவில்லை, அக்காவின் தாலிச் சங்கிலியைப் பிடித்து வாயில் போட்டுக்கொண்டான். அழுதிருந்தால் திரும்ப வாங்கியிருப்பேனா? தெரியாது. எனக்குத்தான் மூன்று நாள் பால் கட்டிக்கொண்டு ஜாக்கெட்டெல்லாம் நனைந்தது. பக்கத்து வீட்டு டோரதி அக்கா மல்லிகைப்பூ வாங்கிவந்து, மார்பில் வச்சுக் கட்டிக்கோ, நின்னுடும் என்றாள். நின்றுவிட்டது. பால் நின்றுவிட்டது.

மத்தியானம் மரத்தடியில் சாப்பிடும்போதுகூட நான் முந்திரிக்கொட்டை மாதிரி முந்திக்கொண்டு தயிர்சாதத்தை உருட்டி அவன் வாய்க்குக் கொண்டுபோனேன், அவன் உதட்டை இறுக்கி மூடிக்கொண்டான். "கடுகு இருந்தா தொடமாட்டான் சொர்ணா, இங்க குடு" என்று அக்கா தட்டை வாங்கி ஒவ்வொரு கடுகாகப் பொறுக்கிப் போட்டாள், கோபமில்லாமல், முணுமுணுக்காமல். நானாக இருந்தால் தின்னுடா என்று அதட்டியிருப்பேன். அவள் நல்லவளாக இல்லாமலிருந்தால் எனக்கு எவ்வளவு சௌகரியமாக இருந்திருக்கும், திட்டவாவது ஓர் ஆள் கிடைத்திருக்கும். "சித்தி, ஆனே நோடு, ஆனே!" என்று அவன் யானையைக் காட்டினான், அக்கம்பக்கத்துப் பிள்ளைகளோடு ஆடிப் பழகிய கன்னடம். நான் யானையைப் பார்க்கவில்லை. காட்டிய விரலைப் பார்த்தேன், நுனியில் கொஞ்சம் வளைந்திருக்கிறது, என் விரலும் அப்படித்தான். லாவண்யா மட்டும் எல்லாவற்றையும் வழித்துச் சாப்பிட்டு, சொல்லாமலே கை கழுவி, பாயைக்கூட மடித்து வைத்தாள். பொண்ண எப்படி வளத்திருக்கே பாரு என்றார் மாமா. ஏதோ ஒன்றாவது என்னால் ஒழுங்காக ஆயிற்றே என்று இருந்தது.

"கை ஹொரகே ஹாக்பேடி" என்று வேன் டிரைவர் கத்தினார், யாராவது கையை வெளியே நீட்டினால் அவருக்குத்தானே வம்பு. சிங்கங்கள் இரண்டும் புதரடியில் தூங்கின, மாமா ஒரு படத்தை வீணாக்கினார். புலி அப்படியில்லை. எங்கிருந்து வந்தது என்றே தெரியவில்லை, வந்து வேனோடு வேனாக உரசிக்கொண்டு, அக்கா பக்கத்து வலையில் மூச்சுவிட்டு, சன்னமாக ஓர் உறுமல். அம்மா என்று அலறிக்கொண்டு பரத் பாய்ந்தான், பாய்ந்த திசையில் நான்தான் இருந்தேன், லாவண்யாவைத் தள்ளிக்கொண்டு என் வயிற்றில் முகத்தைப் புதைத்து, புடவையை இரண்டு கையாலும் இறுக்கி... எத்தனை நேரம் இருக்கும், ஏழெட்டு நொடி? அவன் தலையில் வியர்வையும் சீயக்காயும் கலந்த வாசனை. அவனுடைய சூடு. கடவுளே, இந்தப் புலி போகக்கூடாது, இங்கேயே நிற்கட்டும். நிமிர்ந்தால் அக்கா. நீட்டின கையை மடக்கவும் தெரியாமல், கேட்கவும் தெரியாமல், அன்றைக்கு ஆஸ்பத்திரியில் பார்த்த அதே முகம். "அம்மா அங்க இருக்காங்க பாரு, போ" என்று நானே அவன் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தெடுத்தேன். இரண்டாம் தடவையும் நானேதான் கொடுத்தேன். வெற்றிலை பாக்குகூட இல்லாமல்.

மெஜஸ்டிக் பஸ் ஸ்டாண்டில் பரத் மாமாவின் தோளில் தூங்கிப்போயிருந்தான், மல்லேஸ்வரம் பஸ்ஸில் ஏறிப் போய்விட்டார்கள். எங்கள் வீட்டுப் பக்கம் போகிற அல்சூர் பஸ்ஸில் எனக்கும் லாவண்யாவுக்கும் இடம் கிடைத்தது, என் வீட்டுக்காரர் தள்ளிக் கம்பியைப் பிடித்து நின்றுகொண்டார், என் முகத்தைப் பார்க்காமலிருக்க அவருக்கும் ஒரு கம்பி வேண்டியிருந்தது. "அம்மா" என்றாள் லாவண்யா, "நான் இன்னிக்கி எதுவுமே கேக்கலல்ல?" இல்லடி கண்ணு என்றேன். "ஐஸ்கிரீம்கூட கேக்கல. புலி வந்தப்ப தம்பிதான் கத்தினான். நான் கத்தல." ஆமா, நீ சமத்து என்றேன், நினைப்பெல்லாம் அந்தச் சீயக்காய் வாசனையில். என் புடவைத் தலைப்பை விரலில் சுற்றிக்கொண்டாள். "அப்ப என்னை யாருக்கும் குடுக்கமாட்டதானே?"

என்ன கேட்கிறாள் இவள்... பரத்தைக் கொடுத்த அந்த வாரம் இவள் ஓயாமல் தம்பி எங்கே, எப்ப வருவான் என்று நச்சரித்தாள், பால் கட்டின வலி, எரிச்சல், "அழுதுக்கிட்டே இருந்தான், சொன்ன பேச்சு கேக்கல, குடுத்துட்டேன், நீயும் படுத்தினா உன்னையும் பிடிச்சுக் குடுத்துடுவேன்" என்றேன். எந்தத் தாய் சொல்லவில்லை? பூச்சாண்டிக்கு, போலீஸ்காரனுக்கு, குடுகுடுப்பைக்காரனுக்குப் பிடித்துக் கொடுக்காத தாய் உண்டா? மற்ற வீட்டுப் பிள்ளைகள் அதைக் கேட்டுச் சிரித்துவிட்டு ஓடும், அந்த வீடுகளில் யாரையும் கொடுத்ததில்லை. இவள் அன்றைக்குக் கூடத்தில் நின்று கண்ணால் பார்த்தவள். இரண்டு வருஷம். தட்டில் ஒரு பருக்கை மிச்சம் வைக்காமல், காய்ச்சலில்கூட முனகாமல், பொம்மைக் கடையைத் திரும்பிப் பார்க்காமல்... நான் வளர்த்த லட்சணம் என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தேனே. அவளை இழுத்து அணைத்துக்கொண்டேன், உன்னப்போய் குடுப்பேனாடி, மாட்டேன், யாருக்கும் மாட்டேன், பஸ்ஸில் நாலு பேர் திரும்பிப் பார்க்கிற அளவுக்குச் சொன்னேன். அவள் அணைப்புக்குள் கையைக் காலை அசைக்காமல் இருந்தாள். சரிம்மா என்றாள், நான் எது சொன்னாலும் சொல்கிற அதே சரிம்மா.