நூற்று அறுபத்தேழு

தழுவ வந்தவர்களில் யார் யார் இடுப்பில் துப்பாக்கி இருக்கிறது என்று வெர்னா எண்ணிக்கொண்டிருந்தாள். அடக்கம் முடிந்து தம்பியின் வீட்டுக்கு வந்தவர்கள் வரிசையாக அவளை அணைத்து, முதுகில் தட்டிவிட்டு, சாப்பாட்டு மேசைப் பக்கம் நகர்ந்தார்கள். வலது முழங்கையை விலாவோடு ஒட்டிக்கொண்டு இடது கையால் மட்டும் அணைப்பவர்கள்தான் துப்பாக்கி வைத்திருப்பவர்கள். கோட்டுக்கு அடியில் இருப்பது அடுத்தவர் கைக்குத் தட்டுப்படக் கூடாது, அப்படித்தான் அணைக்க வேண்டும் என்று அவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தவளே அவள்தான். இதுவரை பதினொரு பேர். பாஸ்டரையும் சேர்த்தால் பன்னிரண்டு.

தம்பி டேரலைப் புதைத்துவிட்டு வந்த கையோடு இது என்ன கணக்கு என்று அவளுக்கே வெட்கமாக இருந்தது. ஆனால் எண்ணுவதை நிறுத்தினால் வேறொரு எண் வந்து உட்கார்ந்துகொள்ளும். நூற்று அறுபத்தேழு. அவன் சுடப்பட்ட செவ்வாய்க்கிழமை காலையிலிருந்து அது அவளை விடவில்லை.

"உங்கிட்ட படிச்சவனாச்சே, அதான் அந்தத் துணிச்சல்" என்றாள் ஒருத்தி, கண்ணைத் துடைத்துக்கொண்டே. உருளைக்கிழங்கும் சீஸும் போட்டுச் சுட்ட தட்டு ஒன்றை வெர்னாவின் கையில் கொடுத்தாள். அடுப்பு மேடையில் அதே பண்டம் ஏற்கெனவே ஆறு தட்டு இருந்தது. சாவு வீட்டுக்கு வேறு எதையாவது கொண்டுவரலாம் என்று இந்த ஊரில் யாருக்கும் தோன்றுவதில்லை.

"ஆமாம்" என்றாள் வெர்னா.

ஊரே டேரலை வீரன் என்றது. பாஸ்டர் தேவாலயத்தில் அழுதேவிட்டார். நெடுஞ்சாலை ஓரத்துப் பெட்ரோல் பங்க் கடையில் கல்லாவில் இருந்த மரிசோல் முன்வரிசையில் உட்கார்ந்து தேம்பியபடி இருந்தாள். அவள் உயிரோடிருப்பதே டேரலால்தான் என்று எல்லோரும் சொன்னார்கள், அவளும் அப்படித்தான் நம்பினாள். நம்பட்டும், அந்தப் பிள்ளைக்கு அது தேவைதான்.

ஆனால் கடையின் காமிரா எடுத்த படத்தை வெர்னா பார்த்திருந்தாள். ஷெரீப் ஆபீஸில் வேலை பார்க்கும் டூலி அவளுடைய பழைய மாணவன். "நீங்க பாக்கவேண்டாம் மேடம்" என்று எவ்வளவோ சொன்னான். அவள்தான் அடம்பிடித்தாள். ஒன்றரை நிமிடம். டேரல் காப்பிக்குக் காசு கொடுத்துவிட்டு வெளியே போகிறான். டிரக் கதவில் கை வைத்துவிட்டான். உள்ளே ஒருவன் மரிசோலிடம் துப்பாக்கியை நீட்டுகிறான். டேரல் கண்ணாடி வழியே பார்க்கிறான். காப்பியை டிரக்கின் மேல் வைக்கிறான், கொட்டிவிடக் கூடாது என்று பார்த்துப் பார்த்து வைக்கிறான். திரும்பி உள்ளே வருகிறான்.

அதற்குள் திருடன் பணத்தை வாங்கிக்கொண்டு வாசலைப் பார்த்து நடக்க ஆரம்பித்திருந்தான். டேரல் சட்டையைத் தூக்குகிறான். சட்டை நுனி துப்பாக்கிப் பிடியில் சிக்கிக்கொள்கிறது. இரண்டாவது முறை இழுக்கும்போது வந்துவிடுகிறது. ஒரு குண்டு சுடுகிறான், அது பால் வைக்கும் குளிர்பெட்டிக்குள் போகிறது. இருவருக்கும் நடுவே ஏழு கெஜம் இருக்கும். பிறகு மற்றவன் சுடுகிறான்.

துப்பாக்கி வைத்துக்கொள்ள லைசென்ஸ் வாங்கித்தரும் வெர்னாவின் வகுப்பில் எழுத்துத் தேர்வு உண்டு. பதினான்காவது கேள்வி: நீங்கள் கடைக்கு வெளியே இருக்கிறீர்கள், உள்ளே கொள்ளை நடக்கிறது, என்ன செய்வீர்கள்? தள்ளிப் போய் போலீசைக் கூப்பிடுவேன், ஆளை நன்றாகப் பார்த்து வைத்துக்கொள்வேன் என்பது விடை. டேரல் அதைச் சரியாக எழுதியிருந்தான். எழுத்துத் தேர்வில் நூற்றுக்கு நூறு. சுடுவதில்தான் சறுக்கினான்.

ஐம்பது குண்டு, இருநூற்றைம்பது மதிப்பெண். நூற்று எழுபத்தைந்து எடுத்தால் தேர்ச்சி. ஆகஸ்டு மாத வெயில், தகரக் கூரைக்குக் கீழே எட்டுப் பேர். ஏழு பேர் தேறிவிட்டார்கள். அதில் ஒருத்தி அதற்கு முன் துப்பாக்கியைத் தொட்டே பார்க்காத பல் மருத்துவர். டேரலின் குறிக் காகிதத்தை வெர்னா இரண்டு தடவை எண்ணிக் கூட்டினாள், நூற்று அறுபத்தேழுதான் வந்தது. இன்னொரு நாள் வா, பழகிக்கொண்டு மறுபடி சுடு என்று சொல்லியிருக்க வேண்டும். எத்தனையோ பேருக்கு முகத்தில் அடித்தாற்போல் சொன்னவள்தான். ஆனால் பின்னால் நின்ற டேரல், "என்னக்கா, நம்ம மானம் போச்சா?" என்று சிரித்தான். ஏசி ரிப்பேர் வேலை போய் நான்கு மாதமாகியிருந்தது அவனுக்கு. அந்த நான்கு மாதத்தில் அவன் அப்படிச் சிரித்து அவள் பார்க்கவில்லை. உடைந்த ஜன்னலுக்கும் தொலைந்த சைக்கிளுக்கும் சின்ன வயதிலிருந்தே அவனுக்காகப் பொய் சொல்லிப் பழகியவள் அவள். பேனாவைத் திறந்து 178 என்று எழுதினாள்.

அவனிடமும் அதையேதான் சொன்னாள். தான் நன்றாகச் சுடுகிறவன் என்று அவன் நம்பினான். சட்டைக்கு அடியிலிருந்து எடுத்துப் பழகும் அடுத்த வகுப்புக்கு வாடா என்று மூன்று தடவை கூப்பிட்டாள். "நான்தான் பாஸாயிட்டேனே" என்றான்.

"ஐஸ் தீர்ந்துபோச்சு" என்று யாரோ சொன்னார்கள். வெர்னா வாளியை எடுத்துக்கொண்டு கராஜுக்குப் போனாள். பெரிய குளிர்பெட்டி அங்கேதான் இருந்தது.

அங்கே தட்டும் கையுமாக நான்கு ஆண்கள் சுவரைப் பார்த்து நின்றிருந்தார்கள். டேரல் தன் குறிக் காகிதத்தைக் கண்ணாடிச் சட்டம் போட்டு, மீன்பிடிக் கம்புகளுக்கு நடுவே மாட்டியிருந்தான். ஆள் உயரக் கறுப்பு உருவம், அதில் ஓட்டைகள், மேலே அவள் கையெழுத்தில் 178. அவன் அதைச் சட்டம் போட்டிருப்பது வெர்னாவுக்குத் தெரியாது. அவள் கால்கள் வாசற்படியிலேயே நின்றுவிட்டன.

"வெள்ளையிலயும் கொஞ்சம் போயிருக்கே, கொசு அடிச்சானா?" என்றார் லெஸ்டர். மாட்டுப் பண்ணைக்காரர், எண்பதைத் தாண்டியவர். மற்றவர்கள் சிரித்துவிட்டு, சிரித்ததற்காகத் தரையைப் பார்த்தார்கள்.

"கிண்டல் பண்ணாதீங்க, பெரியவரே. நீங்க எத்தனை வாட்டி ஃபெயிலானீங்க?" என்றார் மற்றவர்களில் ஒருவர்.

"மூணு வாட்டி" என்றார் லெஸ்டர் பெருமையாக. "நூத்தி எழுபத்திமூணு எடுத்தேன் ஒரு தரம். ரெண்டே ரெண்டு மார்க்கு. கையில கால்ல விழாத குறையா கெஞ்சினேன். இந்தப் பொம்பள மசியலையே! போய்ப் பழகிட்டு வாங்கன்னு அனுப்பிட்டா. அவ கையெழுத்துன்னா அது கையெழுத்துதான்." திரும்பியவர் வாசலில் அவளைப் பார்த்துவிட்டார். தொப்பியைக் கழற்றினார். "தப்பா நினைக்காதம்மா. உன் தம்பி நல்லவன்."

சொல்லிவிட்டு மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, சட்டத்துக்கு வெகு கிட்டத்தில் போய்ப் பார்த்தார். அவர் மூச்சு பட்டுக் கண்ணாடி மங்கியது. ஓட்டைகளை எண்ணிவிடுவாரோ என்று வெர்னா அவர் விரலையே பார்த்தாள். அப்போது உள்ளேயிருந்து அவர் மகள், "அப்பா, பீச் பழப் பலகாரம் ஆறுது" என்று கத்தினாள். லெஸ்டருக்கு இனிப்பு என்றால் உயிர். நால்வரும் உள்ளே போனார்கள்.

வெர்னா குளிர்பெட்டியைத் திறந்தாள். ஐஸை அள்ளவில்லை. குளிர் முகத்தில் அடிக்கட்டும் என்று அப்படியே நின்றாள்.

"நீயும் ஓடி வந்துட்டியா?" கோரின்தான். டேரலின் மனைவி. கறுப்புச் செருப்பைக் கழற்றி எறிந்துவிட்டு, கவிழ்த்துப் போட்டிருந்த பெயின்ட் வாளியின் மேல் உட்கார்ந்தாள். "இன்னொருத்தி வந்து கட்டிப்பிடிச்சா கடிச்சிடுவேன் போலிருக்கு."

"தண்ணி குடிச்சியா?"

"எல்லாம் குடிச்சேன்." சுவரைப் பார்த்தாள். "இதைக் கூடத்துல மாட்டணும்னு நின்னான். அங்க எங்கம்மா படம் இருக்குதுடான்னு சண்டை போட்டேன். ஒரு வாரம் மூஞ்சியத் தூக்கி வச்சிட்டிருந்தான். பேசாம மாட்டவிட்டிருக்கலாம்." பிறகு, "வெர்னா, ஒண்ணு கேட்டா செய்வியா?" என்றாள்.

"சொல்லு."

"அவன் துப்பாக்கிய டூலி திருப்பிக் குடுத்துருவான்ல, விசாரணை முடிஞ்சதும். அதை நான் வச்சுக்கப் போறேன். என் பைக்குள்ள. இனிமே நான் ஒத்தை ஆள். சனிக்கிழமை வகுப்புல என் பேரையும் எழுதிக்கோ."

"எழுதிக்கிறேன். ஆனா இந்தச் சனிக்கிழமை வேண்டாம். கொஞ்ச நாள் போகட்டும்."

"எனக்குக் குறியெல்லாம் எங்க வரப்போகுது!" கோரின் மூக்கை உறிஞ்சிக்கொண்டே லேசாகச் சிரித்தாள். "நம்ம வீட்டு ஆளுன்னு பார்த்துப் போட்டுடு. ஆஸ்டின்லருந்து லைசென்ஸ் அட்டை வந்தாச் சரி. அவன் மட்டும் நல்லா சுடுவான். அதுதான் எனக்கு ஒரே ஆறுதல். தெரியாம போய் மாட்டிக்கல, தெரிஞ்சவன்தான் போனான். நேரம் சரியில்ல, அவ்வளவுதான். இல்லையா?"

'ஆமாம்' என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். இன்று காலையிலிருந்து ஐம்பது பேரிடம் சொன்ன வார்த்தைதான். சொல்லிவிட்டால் கோரினுக்கு ஆறுதல் மிஞ்சும். வகுப்புக்கு வருவாள், அதே சிரிப்போடு கெஞ்சுவாள். தன் கை அன்றைக்கு என்ன எழுதும் என்று வெர்னாவுக்கு நிச்சயமில்லை.

குளிர்பெட்டியை மூடினாள்.

"அவன் பாஸாகல, கோரின்."

"என்ன?"

"நூத்தி அறுபத்தேழுதான் எடுத்தான். நான்தான் மாத்தி எழுதினேன்."

உள்ளே யாரோ ஸ்பூனைக் கீழே போட்டார்கள். கோரின் அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். அழுவாள், இல்லை அறைவாள் என்று வெர்னா காத்திருந்தாள். அறைந்தால் தேவலை என்றிருந்தது.

"அவனுக்குத் தெரியுமா?"

"தெரியாது. நல்லா சுட்டடான்னுதான் சொன்னேன்."

"நூத்தி எழுபத்தெட்டுன்னு எங்கிட்ட எத்தனை தரம் சொல்லியிருப்பான் தெரியுமா? பல் தேய்க்கும்போதுகூட சொல்லுவான்." கோரினின் குரல் தாழ்ந்துகொண்டே போனது. "இப்ப ஏன் சொல்ற? இன்னைக்கு ஏன் சொல்ற நீ?"

"நீ வருவ. உனக்கு அப்படிப் போட்டுக்குடுக்க மாட்டேன். ஏன் மாட்டேங்கிறன்னு நீ கேப்ப. அன்னைக்குச் சொன்னா அது இதைவிட மோசம்." வெர்னா சுவரில் இருந்த 178ஐப் பார்த்தாள். "திருப்பி அனுப்பியிருந்தா அவன் இடுப்புல அது இருந்திருக்காது. டிரக்கை எடுத்துட்டு வீட்டுக்கு வந்திருப்பான்."

கோரின் எழுந்து, வெறுங்காலோடு சிமெண்டுத் தரையில் நடந்து, சுவருக்குப் போனாள். பெயின்ட் வாளியைக் காலால் தள்ளி அதன்மேல் ஏறி நின்றாள். உருவத்தின் நெஞ்சு அவள் கண்ணுக்கு நேராக வந்தது.

"எப்படி எண்ணணும்?"

"கோரின், வேண்டாம்."

"எப்படி எண்ணணும்னு கேட்டேன்."

வெர்னாவின் வாயில், வகுப்பில் சொல்லும் அதே வரிசை வந்தது. "நடுவுல இருக்கிற கோட்டுக்குள்ள எல்லாம் அஞ்சு. அடுத்த வளையம் நாலு. மிச்சக் கறுப்பு மூணு. வெள்ளையில போனதுக்கு ஒண்ணும் இல்ல."

கோரின் கண்ணாடிமேல் விரலை வைத்தாள். "அஞ்சு. பத்து. பதினஞ்சு." விரல் ஒவ்வொரு ஓட்டையிலும் நின்று, சரிபார்த்து, அடுத்ததற்குப் போனது. நடுவில் ஓட்டைகள் ஒன்றோடொன்று சேர்ந்து கிழிந்திருந்தன. அங்கே அவள் வெர்னாவைத் திரும்பிப் பார்த்தாள். "அது மூணு குண்டு" என்றாள் வெர்னா. கோரின் தலையசைத்துக்கொண்டு மேலே எண்ணினாள். நடுக்கோட்டுக்குள் நூறு வந்தது. வளையத்துக்குப் போனாள். "நூத்தி நாலு. நூத்தி எட்டு." ஐஸ் கேட்டு உள்ளேயிருந்து யாரோ கூப்பிட்டார்கள், இருவரும் திரும்பவில்லை.

"நூத்தி முப்பத்தாறு. நூத்தி நாப்பது."

அதற்கு மேல் அவளுக்குக் குரல் வரவில்லை. விரல் மட்டும் அடுத்த ஓட்டையின்மேல் போய் நின்றது. வெர்னா கிட்டே வந்து, வாளி ஆடாமல் காலால் அணைத்துக்கொண்டு நின்றாள்.

"நூத்தி நாப்பத்திமூணு" என்றாள். விரல் நகர்ந்தது. "நூத்தி நாப்பத்தாறு."