அதைக் கழற்றுவது யார்?

ராமலட்சுமி ஸ்கொட்லாந்திலிருந்து வந்திருக்கிறாள் என்று நளீராவுக்கு முதலில் சொன்னவர் அவள் கணவர் றவூப்தான். 1979 ஆகஸ்ட் விடுமுறை. பதுளைக் கடைவீதியில் ராமலட்சுமியின் அண்ணனுடைய புடவைக் கடை வாசலில் கூட்டம் கூடிவிட்டதாம். உடம்பின் கலத்துக்குள்ளே நடப்பதையெல்லாம் அவள் கண்டுபிடிக்கிறாளாம். சொந்தத் தங்கை பட்டம் வாங்கிவிட்டதுபோல றவூப் பூரித்துப் போயிருந்தார். வெள்ளிக்கிழமை பள்ளிக்கூட மண்டபத்தில் பேசப் போகிறாள், பிறகு ஒருநாள் சாப்பிடக் கூப்பிட வேண்டும் என்றார். நளீரா சரியென்று சொல்லிவிட்டு உள்ளே போய், காரணமே இல்லாமல் அடுப்படிச் சாமான்களை இறக்கிக் கழுவத் தொடங்கினாள்.

இருவரும் பதுளையில் ஒரே வாங்கில் உட்கார்ந்து படித்தவர்கள். பேராதனைப் பல்கலைக்கழகத்தில் ஒரே அறையில் இருந்தவர்கள். விலங்கியலில் நளீராவுக்குத்தான் எப்போதும் கூடுதல் புள்ளி. அதை அவள் மறந்ததேயில்லை. படிப்பு முடிந்து ராமலட்சுமி கப்பலேறினாள், நளீரா ஊர் திரும்பி டீச்சர் ஆனாள். நீ ஏன் போகவில்லை என்று கேட்டவர்களிடமெல்லாம் வாப்பா விடவில்லை என்றே சொல்லி வந்தாள். வாப்பா உண்மையில் "போறதெண்டா போ, மகள்" என்றுதான் சொல்லியிருந்தார். அவளுக்குத்தான் பயம் வந்தது. அங்கே போய்த் தோற்றுவிட்டால் என்ன செய்வது என்ற பயம். இது தெரிந்த ஒரே ஆள் ராமலட்சுமி. வாப்பாவும் மௌத்தாகி அடக்கமாகிவிட்டார்.

வெள்ளிக்கிழமை நளீரா முன்வரிசையில் போய் உட்கார்ந்தாள். ராமலட்சுமிக்கு மாலை போட்டார்கள். சாதாரண நூல் சேலைதான் கட்டியிருந்தாள். அதுகூட நளீராவுக்கு உறுத்தியது. பகட்டாக வந்திருந்தால் மனசுக்குள் சிரித்துக்கொள்ளவாவது முடிந்திருக்கும்.

அவள் பேச்சு தெளிவாக இருந்தது. பயந்தால் உடம்பில் அதிரினலின் சுரக்கிறது. உடனே தசைக் கலத்துக்குள் கைனேசு என்ற நொதியம் விழித்துக்கொண்டு, சீனியை உடைக்கும் நொதியங்களில் பொசுபேற்று என்ற சின்னத் துணுக்கை ஒட்டிவிடுகிறது. ஒட்டியதும் அவை வேலை செய்கின்றன. ஓடுவதற்குச் சத்து கிடைக்கிறது. எதைக் கண்டாலும் கைனேசு ஒட்டிவிடாது. புரதத்தில் குறிப்பிட்ட அமினோ அமிலங்கள் வரிசையாக இருக்கிற இடத்தை அடையாளம் கண்டுதான் ஒட்டும். அதே கலத்தில் பொசுபற்றேசு என்று இன்னொன்று, ஒட்டியதைக் கழற்றுவதற்கென்றே இருக்கிறது. அப்படியானால் ஒன்று ஒட்ட ஒட்ட மற்றது கழற்றிக்கொண்டே இருக்காதா? இருக்காது. கைனேசு ஒரு சிறு புரதத்திலும் பொசுபேற்றை ஒட்டுகிறது. அந்தப் புரதம் போய்ப் பொசுபற்றேசைப் பிடித்துக்கொள்கிறது. பிடி விடும்வரை பொசுபற்றேசால் அசைய முடியாது.

மண்டபம் சொக்கிப்போய்க் கேட்டது. கடைசி வரிசையில் றவூப் எழுந்து நின்றே கைதட்டினார். கேள்வி உண்டா என்று பள்ளிக்கூட அதிபர் கேட்டார். நளீராவின் கை தானாக உயர்ந்தது. பேச்சின் நடுவிலேயே ஓட்டை எங்கே என்று அவள் பார்த்து வைத்திருந்தாள்.

"பயம் தெளிஞ்ச பிறகு அந்தச் சின்னப் புரதத்தில ஒட்டினத யார் கழற்றுறது? கழற்ற வேண்டிய பொசுபற்றேசத்தானே அது பிடிச்சு வெச்சிருக்கு?"

ராமலட்சுமி தான் எழுதிய கரும்பலகையின் பக்கம் திரும்பினாள். கையில் இருந்த சோக்கைப் பார்த்தாள்.

"தெரியாது," என்றாள்.

மண்டபத்தில் சலசலப்பு எழுந்தது. அதிபர் தொண்டையைச் செருமினார். நளீராவின் நெஞ்சில் தேன் வடிந்தது போலிருந்தது. அது கொஞ்ச நேரம்தான். ராமலட்சுமியின் முகம் மெல்ல மலர்வதைக் கண்டதும் வடிந்த தேன் கசந்துவிட்டது. அவள் மேடையை விட்டு இறங்கி வந்து நளீராவின் கையைப் பிடித்தாள். எங்கள் ஆய்வுகூடத்தில் இதே கேள்விக்குத்தான் அடிதடி என்று சபையைப் பார்த்துச் சொன்னாள். கொஞ்சப் பொசுபற்றேசு பிடிபடாமல் மிஞ்சும், அது போதும் என்பது ஒரு கட்சி. இந்தப் புரதத்தால் பிடிக்கவே முடியாத வேறொரு பொசுபற்றேசு இருக்க வேண்டும் என்பது இன்னொரு கட்சி. தான் இரண்டாவது கட்சி, ஆனால் நிரூபிக்க முடியவில்லை.

எல்லோரும் தேத்தண்ணி குடிக்கப் போன பிறகும் இருவரும் கரும்பலகையை விட்டு நகரவில்லை. பிடிபடாத பொசுபற்றேசு இருந்தால் அதை எப்படிப் பிரித்தெடுப்பது, எதைக் கொடுத்தால் அது விழிக்கும் என்று மாறி மாறி எழுதி அழித்தார்கள். நளீராவின் சேலை முழுக்கச் சோக்குத் தூள். ராமலட்சுமியின் கணக்கு ஒன்றை அவள் திருத்தினாள். நளீராவுடையது ஒன்றை ராமலட்சுமி அடித்துப் போட்டாள். சந்தோஷமாக இருக்கிறோம் என்பதே நளீராவுக்குப் பிந்தித்தான் உறைத்தது. உறைத்ததும் வயிறு எரிந்தது. இவளுக்கு இது ஒவ்வொரு நாளும் கிடைக்கிறது.

"நீ வந்திருக்கணும், நளீரா," என்றாள் ராமலட்சுமி.

நளீரா சோக்கைக் கீழே வைத்தாள். "ஒன்ன மட்டந்தட்டத்தான் அந்தக் கேள்விய கேட்டேன். ஒன்ன நினைச்சா எனக்குப் பத்தி எரியுது, லட்சுமி."

"தெரியும்டி. முன்வரிசையில நீ உக்காந்திருந்ததப் பாத்ததுமே எனக்குப் பயம் வந்திருச்சு. மத்தவங்க கைதட்டுவாங்க, நீ ஓட்டையப் பாப்பன்னு தெரியும்." பிறகு, வாப்பாவைப் பற்றி ஊரில் சொல்லி வரும் கதையை இனியாவது விட்டுவிடச் சொன்னாள். நளீரா கரும்பலகையை அழிக்கத் தொடங்கினாள்.

ராமலட்சுமி விருந்துக்கு வந்தாள், சாப்பிட்டாள், றவூபோடு சிரித்துச் சிரித்துப் பேசினாள், அடுத்த வாரம் ரயிலேறிப் போனாள். நளீராவின் எரிச்சல் போகவில்லை. கேள்வியையும் அவள் கொண்டுபோய்விட்டாள் என்று சில நாள் அழுகை வந்தது. ஆனாலும் உயர்தர வகுப்பில் பாடத்திட்டத்தில் இல்லாத அந்தப் பொசுபற்றேசுக் கதையை அவள் ஒவ்வொரு வருடமும் சொன்னாள்; விடை தெரியாத கேள்வி என்று சொல்லியே முடித்தாள்.

எண்பத்திரண்டின் கடைசியில் பண்டாரவளையில் நடந்த ஆசிரியர் கருத்தரங்கில், கொழும்பிலிருந்து வந்த விரிவுரையாளர் போகிறபோக்கில் ஒன்றைச் சொன்னார். அப்படியொரு பொசுபற்றேசு இருக்கிறதாம். கல்சியம் வந்தால் விழிக்குமாம். அந்தச் சிறு புரதத்தில் ஒட்டியதை அது கழற்றிவிடுமாம். கண்டுபிடித்தவர்கள் யார் என்று நளீரா எழுந்து கேட்டாள். அவர் சொன்ன பெயர்களில் ராமலட்சுமியின் பெயர் இல்லை.

சந்தோஷம் வரும் என்று அவள் காத்திருந்தாள். வரவில்லை. பதுளைக்குத் திரும்பும் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து ஹாலிஎல ஊர் வரும்வரை அந்த முகம் தெரியாதவர்களை நினைத்து வெந்துகொண்டே வந்தாள். அது நாங்கள் கண்டுபிடித்திருக்க வேண்டியது என்று மனம் அடித்துக்கொண்டது. நாங்கள் என்றுதான் அது சொன்னது.

வீட்டில் றவூப் சோற்றைப் போட்டு வைத்துவிட்டு, முகம் ஏன் இப்படி இருக்கிறது, யாரோடு கோபம் என்று கேட்டார்.

"ஒங்களுக்குத் தெரியாத ஆக்களோட," என்றாள் நளீரா. சாப்பிடாமலேயே, நாளைக்கு லட்சுமியின் அண்ணன் கடைக்குப் போய் அவளுடைய டெலிபோன் நம்பரை வாங்கிவரச் சொன்னாள்.