நாத்தனார் துவைத்த பைகள்

என் நாத்தனாருக்குச் சுத்தம் என்றால் உயிர். வீட்டுக்கு வந்ததும் நேரே சமையலறைக்குள் நுழைந்து, நான் மாதக்கணக்கில் எண்ணெய் காட்டிப் பழக்கிய இரும்புச் சட்டியைப் பளபளவென்று தேய்த்து வைத்துவிடுவாள். மறுநாள் முட்டையைப் பெயர்த்தெடுக்க உளி வேண்டும். பல்லைக் கடித்துக்கொள்வேன்.

இரண்டு மாதம் முன்பு அவளே எங்கள் ஆலைக்கு மேலாளராக வந்து சேர்ந்தாள். பெயிண்டுக்கு நீலப் பொடி அரைக்கும் ஆலை. அரவையிலிருந்து வரும் காற்றை நூற்றிருபது துணிப் பைகள் வடிகட்டிப் புகைபோக்கிக்கு அனுப்பும். பைகளுக்குக் காவல் நான். வீட்டில் நான் அண்ணி. ஆலையில் அவள் மேடம்.

மாசுக் கட்டுப்பாட்டு ஆய்வாளர் வருவதற்கு முந்தின நாள் பல்வலி என்று விடுப்பு எடுத்தேன். அது போதாதா? காலையில் வந்தால் எல்லாப் பைகளையும் துவைத்து, உலர்த்தி மாட்டியிருந்தார்கள். புகைபோக்கி நீலமாக மூச்சு விட்டது. காவலாளியின் மீசையே நீலம்.

"அண்ணி! நானே நின்னு துவைக்க வெச்சேன். ஒரு கிழிசல் இல்ல. அப்புறம் ஏன் இப்படி?"

ஆலையில் அண்ணி என்றாளே, அப்போதே விஷயம் முற்றிவிட்டது தெரிந்தது. பதினோரு மணிக்கு ஆய்வாளர் புகைபோக்கியின் சோதனைத் துளையில் வெள்ளைத் தாள் பிடிப்பார். நீலம் படிந்தால் ஆலைக்குப் பூட்டு, புது மேலாளருக்கு வேலை போய்விடும். உள்ளூர எனக்குக் குளிர்ந்தது, பொய் சொல்வானேன். அவள் கண் கலங்கியதும் அந்தக் குளிர்ச்சி போய்விட்டது.

"வெறும் துணி நைஸ் பொடியப் பிடிக்காது மேடம். துணிமேல படிஞ்ச பொடிதான் பிடிக்கும். அதத்தான் துவைச்சிட்டீங்க."

"சட்டி மாதிரியா?" என்றாள் மெதுவாக.

"சட்டியேதான்."

அரவையை நிறுத்தினேன். பைகளை உதறும் இயந்திரத்தையும் அணைத்தேன். காற்றை மட்டும் மெல்ல ஓடவிட்டு, சுண்ணாம்புக்கல் மாவை அதில் ஊதவிட்டேன். முதலில் கொஞ்சம் தப்பி வெளியே போய்க் காவலாளியின் மீசையை நரைக்க வைத்தது. அரை மணி நேரத்தில் பைகள்மேல் பூச்சு ஏறியது. பிறகு அரவையை ஓட்டினோம்.

தாள் வெள்ளையாகவே வந்தது. ஆய்வாளர் பைகள் இருக்கும் பெட்டியின் கண்ணாடி வழியே பார்த்து முகம் சுளித்தார்.

"என்னம்மா இவ்வளவு அழுக்கு? துவைக்கிறதே இல்லையா?"

"துவைக்கவே கூடாது சார். அந்தப் படிவுதான் வடிகட்டுது. இதுகூடத் தெரியாதா?" என்று மேடம் ஒரே போடாகப் போட்டாள்.

எனக்கு வந்ததே ஆத்திரம்! ஒரு நன்றியாவது? ம்ஹூம். அன்று முழுக்க அவளிடம் பேசவில்லை.

ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வந்தாள். வழக்கம்போலச் சமையலறை. கறுத்த சட்டியைத் தூக்கினாள், நாரை எடுத்தாள். பாதியில் கை நின்றது.

"அண்ணி, இத என்ன செய்யட்டும்?"

பன்னிரண்டு வருஷத்தில் அவள் என்னைக் கேட்டது இதுவே முதல் தடவை.

"துணியால துடைச்சு மாட்டுடி," என்றேன். மாட்டினாள்.