சமமாகக் கோடிட்ட கத்தி

1.

இந்தக் கதை ஒரு கத்தியிலிருந்து பிறந்தது. வெனிஸ் ஆட்சியில் பிரெஷா நகரத்துப் பீரங்கிக்காரர்கள் இடுப்பில் செருகிய குத்துக்கத்தி. அலகு முழுக்கக் கோடும் எண்ணும். பீரங்கி வாய்க்குக் குறுக்கே பிடித்தால் குண்டின் எடை தெரியும். எடை தெரிந்தால் வெடிமருந்தின் அளவு. குண்டின் அகலம் இரட்டித்தால் எடை எட்டு மடங்கு. அதனால் எண் ஏற ஏறக் கோடுகள் நெருங்கவேண்டும். (இந்தக் கதையின் பகுதிகளும் அப்படியே குறுகும். சமமாக இருந்தால் என்னை நம்பாதீர்கள்.)

"கத்திக்காரர் தெபால்தோ நல்ல மனிதர்" என்று தொடங்கி, அடித்துவிட்டேன். நகருக்குள் அந்தக் கத்தியை வைத்துக்கொள்ளும் உரிமை பீரங்கிக்காரர்களுக்கு மட்டும்தான். பீரங்கிக்காரர் போலக் கத்தியோடு திரிய ஆசைப்பட்ட அடியாட்களும் வந்து கேட்டார்கள். தெபால்தோ அவர்களுக்கும் அடித்துக் கொடுத்தார், கணக்கே இல்லாமல் சம இடைவெளியில் கோடு போட்டு. அவர்கள் அதை வைத்துக் குத்துவார்களே தவிர, பீரங்கி அளக்கப்போவதில்லை. சோதிக்கும் காவலர்களுக்கு எண் இருந்தால் போதும், இடைவெளியைப் பார்க்கமாட்டார்கள்.

2.

அவருடைய மச்சினன் மார்சீலியோ வந்தான். ரொட்டி சுடுகிறவன், கத்தி ஆசையில் பீரங்கிக்காரர் சங்கத்தில் சேர்ந்தவன். மறுநாள் கோட்டையில், எதிரியிடமிருந்து பிடித்த ஒரு பீரங்கியை அவன்தான் அளந்து சுட்டுக் காட்டவேண்டும். தெபால்தோ நல்ல கத்தியை நீட்டினார். அவன் பக்கத்துத் தட்டில் கிடந்ததை எடுத்தான்.

"என்ன மாமா, உங்க கத்தியில கோடெல்லாம் முட்டிக்கிட்டு நிக்குது? குடிச்சிட்டுச் செதுக்குனீங்களா? இதப் பாருங்க, பல்லு மாதிரி வரிசையா இருக்கு."

காவலர் தலைவர் தன் வாளைச் சாணைக்குக் கொடுத்துவிட்டுப் பக்கத்திலேயே நின்றிருந்தார். உண்மை வெளியே வந்தால் தெபால்தோவைத் துடுப்புக் கப்பலில் சங்கிலி போட்டு உட்காரவைப்பார்கள்.

"அது வேணாம் மாப்ளே. இத எடுத்துக்க."

"விக்கிறவரே வேணாங்கிறாரா? அப்ப இதுதான் ஒசத்தி."

(கடைவீதியில் வளர்ந்த நானும் அதைத்தான் எடுத்திருப்பேன்.)

தலைவர் நகர்வதற்குள் மார்சீலியோ கோட்டைக்குள் போய்விட்டான். பீரங்கியைச் சுட்டு முடிக்கும்வரை உள்ளே போனவனை வெளியே விடமாட்டார்கள்.

3.

மழை பெய்யவைத்து மருந்தை நனைத்துப் பார்த்தேன். கிழித்துவிட்டேன். மார்சீலியோவுக்குச் சந்தேகம் வரவைத்தேன். அவ்வளவு அழகான வரிசையை எவன் சந்தேகப்படுவான்? அந்தக் கத்தி சொல்லும் மருந்து தேவையைப்போல நாலு மடங்கு. பீரங்கியே வெடிக்கும், அவன் முகத்துக்கு நேராக. அப்போது தெபால்தோவின் மனைவி –

இல்லை, அவளை இதில் இழுக்க எனக்குத் தைரியமில்லை.

4.

காலையில் தெபால்தோ கோட்டை வாசலில் நின்றார். உள்ளே மருந்தை இடித்து இறுக்கும் சத்தம். "என்னய்யா வேணும்?" என்றான் காவலாளி.

5.

"ஒண்ணுமில்லீங்க, என் மச்சினன்…"

*

நீங்கள் முடியுங்கள். நான் எழுதும்போதெல்லாம் அவர், "சும்மா பாக்க வந்தேன்" என்கிறார்.