நாக்கில் தொட்ட மண்

இந்தக் காலத்தில் யாருக்கும் கையில் மண் ஒட்டக் கூடாது. செடி வாங்க வருகிறவர்கள் தொட்டியை விரல்நுனியால் தூக்கி, காருக்குள் பேப்பர் விரித்து வைக்கிறார்கள். அதே ஆட்கள் நாயை மடியில் போட்டு வாயோடு வாய் வைத்துக் கொஞ்சுகிறார்கள். அவர்களுக்கு ஒன்றும் வராதாம். நாற்பது வருஷமாக நாற்றுப் பண்ணையில் ஒட்டுக் கட்டுகிற கிழவருக்குத்தான் வருமாம்.

கண் டாக்டர் எதிரில் உட்கார்ந்து அவர் இதைத்தான் நினைத்துக்கொண்டிருந்தார். ஒரு மாதமாக வலது கண்ணுக்கு நட்டநடுவே அழுக்குத் துணி தொங்குகிற மாதிரி இருந்தது. போன வாரம் ஒட்டுக்குச்சியைச் சீவப் போய்க் கட்டைவிரலைச் சீவிக்கொண்டார்.

"நாய்க்குட்டிங்க குடல்ல இருக்கிற உருளைப்புழு ஐயா," என்று மறுபடியும் விளக்கினார் டாக்டரம்மா. "அதோட முட்டை மண்ணுல மாசக்கணக்கா சாகாது. உங்க வாய் வழியா உள்ள போயிருக்கு. பொரிஞ்ச புழு கண்ணுக்கு வந்துடுச்சு."

"வயித்துக்குப் போனது கண்ணுக்கு ஏற உள்ள படிக்கட்டா கட்டி வச்சிருக்கு?"

"ரத்தத்தோட வரும். மண்ணை வாயில வைப்பீங்களா?"

கூட வந்திருந்த மகள் முந்திக்கொண்டாள். "தினமும் வைப்பாரு டாக்டர். மண்கலவையில உப்பு இருக்கான்னு நாக்குல தொட்டுத்தான் சொல்லுவாரு. அந்த மண்குவியல்லதான் பண்ணை நாய் குட்டி போட்டு வளர்த்துது."

"காட்டிக் கொடுக்கத்தான் கூட வந்தியா?"

"சும்மா இருங்கப்பா."

மருந்து வீக்கத்தை அடக்கும், போன பார்வை முழுசாகத் திரும்பாது என்றார் டாக்டரம்மா. "இடது கண் நல்லா இருக்கு. பழகிட்டா அதை வச்சே ஒட்டுக் கட்டலாம். அதையும் கெடுத்துக்காதீங்க."

பத்து நாளில் பண்ணை மாறிப்போயிருந்தது. குட்டிகளுக்குப் புழு மருந்து கொடுத்து, மரப்பெட்டிக்கு மாற்றியிருந்தாள் மகள். பழைய குவியலைக் குழியில் தள்ளி மூடியாயிற்று. புதுக் குவியலுக்குத் தார்ப்பாய். கையுறை போட்டுக்கொண்டு, உப்புப் பார்க்கிற மீட்டரை மண்ணில் குத்திக் காத்திருந்தாள்.

"உப்பு சரியா இருக்குப்பா."

"அந்தக் குச்சிக்கு நாக்கு இருக்கா?"

தார்ப்பாயை விலக்கி ஒரு சிட்டிகை அள்ளினார். கை தானாக வாய்க்கு ஏறியது. அவர் இடது கண்ணை மூடிப் பெட்டிப் பக்கம் பார்த்தார். குட்டிகள் இருந்த இடத்தில் ஒரு பழுப்புக் கறை. கண்ணைத் திறந்ததும் நாலு குட்டிகள்.

சிட்டிகையைக் குவியலிலேயே உதறினார்.

"நாற்பது வருஷம் வராத புழு இப்ப வந்துச்சாம்," என்றார். "நாத்து கருகினா உன் குச்சியைக் கேளு, என்னைக் கேக்காதே."

வேட்டியில் கையைத் துடைக்கப் போனவர் நிறுத்தினார். குழாயடியில் கையைக் கழுவிவிட்டு, முணுமுணுத்துக்கொண்டே ஒட்டுக் கொட்டகைப் பக்கம் நடந்தார்.